சில்கூட் கணவாயில் பனி உருகிய காலம்

சாப்ளினின் ‘தி கோல்ட் ரஷ்’ (1925) படத்தின் தொடக்கத்தில், வெண்பனிச் சரிவொன்றில் மனிதர்கள் எறும்புச் சாரையாய் ஏறிக்கொண்டிருப்பார்கள். அது சினிமாக் கற்பனை என்றே நாம் நெடுநாள் எண்ணியிருந்தோம். அலாஸ்காவிலிருந்து கனடாவுக்குள் இறங்கும் சில்கூட் கணவாயில் எரிக் ஹெக் 1898-இல் எடுத்த புகைப்படங்களைக் கண்ட பிறகே, சாப்ளின் மிகைப்படுத்தவில்லை என்பது விளங்கிற்று.

1896 ஆகஸ்டில் கிளான்டைக் பகுதியில் பொன் கிடைத்தது. மறு ஆண்டு செய்தி பரவியதும் பல்லாயிரவர் புறப்பட்டனர். ஓராண்டுக்கான உணவு இல்லாதவரைக் கனடியக் காவற்படை எல்லையிலேயே திருப்பி அனுப்பியது. கருவிகளும் சேர்ந்து ஆளுக்கு ஏறத்தாழ ஒரு டன் சுமை! கடைசிச் சரிவில் பனியை வெட்டிப் படிகள் அமைத்தார்கள். அவற்றுக்குப் ‘பொற்படிகள்’ என்று பெயர். ஒரே மனிதன் அவற்றில் முப்பது, நாற்பது தடவை ஏறி இறங்க வேண்டியிருந்தது.

இவர்களுக்கு வெகுகாலம் முன்பே அந்தப் பாதை டிலிங்கிட் மக்களுடையது. உள்நாட்டாருடனான வணிகத்துக்காகத் தலைமுறை தலைமுறையாக அதைக் காத்துவந்தனர். பொன் தேடிகள் வந்தபின் அவர்களே கூலிக்குச் சுமை தூக்கினார்கள். வழியின் உரிமை கைமாறியது. வழியைப் பற்றிய அறிவு கைமாறவில்லை.

வசந்தத்துப் பனி குளிர்காலப் பனியைவிட நம்பத்தகாதது. பகல் வெப்பத்தில் உருகும் நீர் உள்ளே கசிந்து, அடுக்குகளின் பிடிப்பைத் தளர்த்திவிடும். இரவில் இறுகி, காலையில் கல்லாகத் தோன்றுவது நண்பகலில் காலை வாரிவிடும். அவ்வாண்டு பழைய பனியின்மேல் புதுப்பனி கனத்துப் பொழிந்தது. அதன்மேல் வெப்பக்காற்றும் வீசியது. டிலிங்கிட் சுமைகாரர்களும் பழகிய பிறரும் மலையேற மறுத்தார்கள். அவசரக்காரர் கேட்கவில்லை.

1898 ஏப்ரல் 3, குருத்தோலை ஞாயிறு. காலையிலேயே சிறு சரிவுகள் எச்சரித்தன. மேல்முகாமிலிருந்தோர் கயிற்றைப் பற்றியபடி வரிசையாகக் கீழிறங்கிக்கொண்டிருந்தபோது பெருஞ்சரிவு வந்து மூடியது. இறந்தோர் அறுபதுக்கு மேல் என்பர். தொகை நூலுக்கு நூல் மாறுகிறது. உருண்டு வந்த ஈரப்பனி நின்றவுடன் சுண்ணாம்புக் காரைபோல் இறுகிவிடும். புதையுண்டவர் தாமாக அசைந்து வெளியேற வழியில்லை. மண்வெட்டிகளோடு ஓடிவந்தவர்கள் சிலரை உயிரோடு மீட்டார்கள்.

டையீ என்ற, இன்று ஆளற்ற, அந்தத் துறைமுக ஊரின் இடுகாட்டில் பலகைக்குப் பலகை அதே தேதி. பேராசை என்று ஒரு சொல்லில் அவர்களைத் தள்ளிவிட நமக்கு மனம் வரவில்லை. ஊரில் பிழைப்பிழந்து கிளம்பியவர்கள் அவர்களில் ஏராளம்.

பாதை விரைவிலேயே மீண்டும் நிரம்பிற்று. மே 29-இல் பென்னட் ஏரியின் பனிக்கட்டி உடைய, ஆயிரக்கணக்கான படகுகள் யூக்கான் ஆற்றை நோக்கிக் கிளம்பின. சேர்ந்தபோது நல்ல நிலங்களெல்லாம் முன்வந்தோர் கைக்குப் போயிருந்தன.

இப்போது அவ்வழியே மலைநடைப் பயணிகள் செல்கிறார்கள். பனி விலகும் கோடையில், உச்சியருகே அன்று கைவிடப்பட்ட மடக்குப் படகுகளின் எச்சங்கள் கற்களுக்கிடையே தெரியும்.