ஒழுகும் கொட்டகையில் தொடங்கிய எந்திரம்

1984ஆம் ஆண்டு நெதர்லாந்தின் ஐன்ட்ஹோவன் நகரில், பிலிப்ஸ் அலுவலகத்தை ஒட்டிய ஒழுகும் கொட்டகை ஒன்றில் ஏஎஸ்எம்எல் என்ற சிறு நிறுவனம் தொடங்கியது. இப்பதிவை வாசிக்கும் கைப்பேசியின் மையச் சில்லு, பெரும்பாலும், அந்நிறுவனத்தின் எந்திரமொன்றைக் கடந்தே வந்திருக்கும்.

அந்நிறுவனத்தின் பிறப்பில் ஆரவாரம் ஏதுமில்லை. பிலிப்ஸின் ஆய்வகம் 1970களில் ஒரு 'ஸ்டெப்பர்' எந்திரத்தை உருவாக்கியிருந்தது. மின்சுற்றின் வரைவை ஒளியால் ஊடுருவி, லென்ஸால் சுருக்கி, சிலிக்கான் தகட்டின் ஒரு கட்டத்தில் பதித்துவிட்டு, அடுத்த கட்டத்திற்கு அடியெடுத்து வைப்பதால் அதற்கு அப்பெயர். வெளியில் அதை விற்கும் வழி பிலிப்ஸுக்குத் தெரியவில்லை. ஏஎஸ்எம் இன்டர்நேஷனல் நிறுவனர் ஆர்தர் டெல் பிராடோ விடாது கேட்டதன் பேரில் கூட்டு நிறுவனம் அமைந்தது.

இத்தொழிலின் பெயர் லித்தோகிராஃபி. கிரேக்க வேரில் 'கல்லெழுத்து'. தமிழ் அச்சகத்தார் அதைக் கல்லச்சு என்றனர். சுண்ணாம்புக்கல் போய்ச் சிலிக்கான் வந்தபோதும் பெயர் பொருந்தியே நிற்கிறது.

முதல் எந்திரமான பிஏஎஸ் 2000 துல்லியமானது. ஆனால் வாங்குவோர் அஞ்சினர். சிலிக்கான் தகட்டைத் தாங்கும் மேடையை அது எண்ணெய் அழுத்தத்தால் நகர்த்தியது. ஒரு தூசியும் புகக்கூடாத தூய அறைக்குள் எண்ணெயை யார் அனுமதிப்பார்? மேடையை மின்மோட்டாருக்கு மாற்றிய பிறகே சந்தையின் கதவு திறந்தது. 1985இல் வெல்ட்ஹோவனில் புதிய தொழிற்கூடம். 1986இல் பிஏஎஸ் 2500.

நிக்கானும் கேனனும் தமக்கு வேண்டிய லென்ஸைத் தாமே கடைந்தன. ஏஎஸ்எம்எல்லிடம் அதற்குப் பணமும் இல்லை, காலமும் இல்லை. லென்ஸை ஜெர்மனியின் ஓபர்கோஹனில் உள்ள சைஸ் நிறுவனத்திடம் வாங்கியது. பிற பாகங்களையும் பெரும்பாலும் வெளியாரிடம் செய்வித்து, முழுமையின் வடிவமைப்பையும் இணைப்பையும் மட்டும் தன் கையில் வைத்துக்கொண்டது. இதை இன்று தொலைநோக்கு என்று புகழ்கின்றனர். வேறு வழியின்மை என்பதே பொருத்தமான சொல். ஆயினும் அவ்வழியில் ஒரு நன்மை விளைந்தது: எந்திரம் தனித்தனிக் கூறுகளாகப் பிரிந்து நின்றதால், பழுதான கூறை மட்டும் வாடிக்கையாளரின் ஆலையிலேயே மாற்ற முடிந்தது.

1988இல் நிறுவனம் மூழ்கும் நிலைக்கு வந்தது. செலவு தாளாமல் ஏஎஸ்எம் விலகியது. பிலிப்ஸே பல்லாயிரம் வேலைகளைக் குறைக்கும் நெருக்கடியை நோக்கிச் சென்றுகொண்டிருந்தது. இலாபம் காணாத ஒரு கிளையை அது வெட்டியிருந்தால் எவரும் வியந்திருக்க மாட்டார். பிலிப்ஸ் ஆட்சிக்குழு உறுப்பினர் ஹெங்க் போட் தம் சகாக்களிடம் வாதாடி உதவி பெற்றுத் தந்தார். அந்த மூச்சில் பிறந்ததே 1991இன் பிஏஎஸ் 5500. கடன் தீர்ந்தது, 1995இல் பங்குச்சந்தையில் இடம் கிடைத்தது. ஸ்டெப்பரை முதலில் சந்தைக்குக் கொணர்ந்த அமெரிக்க நிறுவனமான ஜிசிஏ அதற்குள் மூடப்பட்டிருந்தது.

அடுத்த திருப்பம் தண்ணீரால் வந்தது. 2000களின் தொடக்கத்தில் 193 நானோமீட்டர் ஒளியிலிருந்து 157க்குச் செல்லத் தொழிலுலகம் பெரும்பொருள் செலவிட்டுக்கொண்டிருந்தது. லென்ஸுக்கும் சிலிக்கானுக்கும் இடையே நீரை நிரப்பினால் பழைய ஒளியே 134 நானோமீட்டர் போல நடந்துகொள்ளும் என்றார் தைவானின் டிஎஸ்எம்சி அறிஞர் பர்ன் லின். ஏஎஸ்எம்எல் விரைந்து ஏற்றது. டிஎஸ்எம்சியின் தொடக்ககாலப் பங்குதாரர்களுள் பிலிப்ஸும் ஒன்று என்பதையும் இங்கே நினைவிற்கொள்ள வேண்டும்; இவ்விரு நிறுவனங்களின் உறவு அன்றே முளைவிட்டது.

பிறகு 13.5 நானோமீட்டர். இவ்வொளியைக் காற்றும் கண்ணாடியும் உறிஞ்சிவிடும்; ஆகவே வெற்றிடமும் ஆடிகளும் வேண்டும். உருகிய வெள்ளீயத் துளிகளை நொடிக்கு ஏறத்தாழ 50,000 முறை லேசரால் தாக்கி அதைப் பிறப்பிக்க வேண்டும். தனியொரு நிறுவனம் சுமக்கக்கூடிய செலவன்று அது. 2012இல் இன்டெல், டிஎஸ்எம்சி, சாம்சங் ஆகிய வாடிக்கையாளர்களே பங்கு வாங்கி, ஆய்வுக்கும் பணம் தந்தனர். 2019 வாக்கில்தான் அவ்வெந்திரங்கள் பேரளவு உற்பத்தியில் நிலைபெற்றன. இன்று அவற்றை விற்பது உலகில் ஏஎஸ்எம்எல் ஒன்றே. அதன் ஆடிகள் மட்டும் இன்றும் ஓபர்கோஹனிலிருந்து வருகின்றன. லேசர் ட்ரும்ஃப் நிறுவனத்திடமிருந்து.