பம்பாய் (திரைப்படம்)

பம்பாய் (1995): மணிரத்னம் இயக்கிய தமிழ்த் திரைப்படம். 1992 டிசம்பர் 6 அன்று பாபர் மசூதி இடிக்கப்பட்டதையடுத்து பம்பாயில் மூண்ட கலவரங்களின் பின்னணியில், மதத்தாலும் குடும்பங்களாலும் பிரிக்கப்படும் காதலர்களைப் பற்றியது. அக்கலவரங்களில் 900 பேர் இறந்ததாக ஸ்ரீகிருஷ்ணா ஆணையம் பதிவு செய்தது.

கதை: தமிழகக் கடலோரச் சிற்றூரைச் சேர்ந்த சேகரும் (அரவிந்த்சாமி) சைலா பானுவும் (மனிஷா கொய்ராலா) தந்தையரின் எதிர்ப்பை மீறி பம்பாயில் மணந்து வாழ்கின்றனர். அவர்களின் இரட்டைக் குழந்தைகள் கலவரத்தில் தொலைந்துபோகின்றனர். சேகரின் இந்துத் தந்தையாக நாசரும் சைலா பானுவின் இசுலாமியத் தந்தையாக கிட்டியும் நடித்தனர். சொந்த மத அடையாளத்துக்கு மாறான வேடங்களை இருவருக்கும் அளித்தது படத்தின் உள்ளத்தை உணர்த்தும் அழகிய தேர்வு.

நெல்லைத் தொடர்பு: திருநெல்வேலிச் சீமையிலிருந்து பம்பாய்க்குப் பிழைக்கச் சென்றோர் ஏராளம். அந்நகரின் தாராவிப் பகுதியில் தோல் பதனிடும் தொழிலை வளர்த்தவர்களில் நெல்லை இசுலாமியரும் தலித்துகளும் முக்கியமானவர்கள். கலவரம் தாராவியையும் தாக்கியதால், தாமிரபரணிக் கரைக் குடும்பங்களுக்கு இக்கதை அயலாருடையதன்று.

வரவேற்பு: ஏ. ஆர். ரகுமானின் இசையும் ராஜீவ் மேனனின் ஒளிப்பதிவும் பெரிதும் பேசப்பட்டன. தேசிய ஒருமைப்பாட்டுக்கான நர்கிஸ் தத் விருதும், சிறந்த படத்தொகுப்புக்கான தேசிய விருதும் (சுரேஷ் அர்ஸ்) கிடைத்தன. எதிர்ப்பும் எழுந்தது: 1995 ஜூலையில் மணிரத்னத்தின் சென்னை இல்லத்தில் வெடிகுண்டு வீசப்பட்டு அவர் காயமுற்றார்.