எழுத்துருவும் ஆவணமும்: ஒரு பிளாப்பிப் பெட்டியை முன்வைத்து

1990களின் நடுவில் திண்டுக்கல்லிலிருந்து சில இதழ்கள் வந்து நின்றுபோன ஒரு சிறுபத்திரிகையின் ஆசிரியர், போன வருஷம் வீடு மாற்றும்போது ஓர் அட்டைப் பெட்டியை வடமதுரையில் என்னிடம் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். உள்ளே மூன்றரை அங்குல பிளாப்பிகள் 17. மேலே பால்பாயின்ட் பேனாவில் இதழ் எண்கள். அச்சான பிரதி ஒன்றுகூட அவரிடம் இல்லை. கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்துத் தீர்த்துவிட்டார். 'எல்லாம் இதுக்குள்ளதான் இருக்கு தம்பி' என்றார். அந்த வாக்கியம் எவ்வளவு தூரம் உண்மை என்று பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை.

பழைய பிளாப்பி டிரைவ் ஒன்றைத் தேடிப்பிடித்து இணைத்ததில் 17ல் 11 திறந்தன. பக்க அமைப்பு செய்திருந்த பேஜ்மேக்கர் கோப்புகளை இன்றைய கம்ப்யூட்டருக்கு அடையாளம் தெரியவில்லை. கூட இருந்த வெறும் உரைக் கோப்புகள் திறந்தன. முதல் கோப்பின் முதல் சொல் ஆங்கிலத்தில் ஜே, கே, பி, ஓ, பிறகு ஓர் அரைப்புள்ளி. தட்டச்சு லோயர் பரீட்சைக்கு உட்கார்ந்தவர்களுக்கு இது மர்மம் இல்லை. தமிழ்த் தட்டச்சுப் பொறியில் தகரம், மகரம், இகரக் கொக்கி, ழகரம், புள்ளி ஆகியவை உட்கார்ந்திருக்கும் விசைகள் இவை. சொல் 'தமிழ்'.

பாமினி என்ற எழுத்துருவும் அதன் இனத்தைச் சேர்ந்த மற்றவையும் செய்த காரியம் அதுதான். ஆங்கில எழுத்துகளுக்கென்று கம்ப்யூட்டர் ஒதுக்கியிருந்த எண்களில் ஆங்கில வடிவங்களை எடுத்துவிட்டு, தட்டச்சுப் பொறியின் வரிசைப்படி தமிழ் வடிவங்களைக் குடியேற்றின. இயந்திரத்தைப் பொறுத்தவரை அது கடைசிவரை ஆங்கிலமே. அதாவது கோப்புக்குள் தமிழ் இல்லை. தமிழ் எழுத்துருவில் இருக்கிறது. இரண்டும் சேரும்போது மட்டும் திரையில் கவிதை தெரிகிறது. திண்டுக்கல்காரனுக்குப் பூட்டு உவமை கைவசம் இருக்கிறது. மாங்காய்ப் பூட்டு செய்கிறவர் சாவியைத் தனியே விட்டு யாருக்கும் விற்கமாட்டார். நாம் முப்பது வருஷம் பூட்டை மட்டும் பத்திரப்படுத்தியிருக்கிறோம், அதுவும் அரைகுறையாக.

சாவியைச் செய்தவர்கள் யார் என்பதை நம் இலக்கிய வரலாறுகள் எழுதவில்லை. 1980களின் நடுவில் கனடாவிலிருந்து ஸ்ரீநிவாசன் என்ற முனைவர் 'ஆதமி'யைச் செய்தார். அதே காலத்தில் மலேசியாவில் முத்து நெடுமாறன் 'முரசு'வைத் தொடங்கினார். ஸ்விட்ஸர்லாந்தில் வேதியியல் ஆராய்ச்சியில் இருந்த கு. கல்யாணசுந்தரம் 'மயிலை'யை வரைந்தார். சிங்கப்பூரில் சிறுகதையாசிரியர் நா. கோவிந்தசாமி 'கணியன்' செய்தார், 1995ல் தமிழை இணையத்தில் ஏற்றிய முதல் முயற்சிகளில் அவர் பங்கு உண்டு, 1999ல் இறந்துபோனார். பெரும்பாலும் உத்தியோக நேரம் போக மிச்ச நேரத்தில், கூலி இல்லாமல் செய்த வேலை. சிறுபத்திரிகை நடத்தியவர்களுக்கும் இவர்களுக்கும் லட்சணங்கள் ஒன்றாக இருப்பதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

இவர்கள் செய்ததை வெறும் தொழில்நுட்பம் என்று ஒதுக்குவதில் எனக்குச் சம்மதம் இல்லை. அது வடிவமைப்பு, கணிப்பு வழியிலான வடிவமைப்பு என்று தமிழில் முதலில் நடந்தது அதுவே. எட்டு பிட் கணக்கில் கிடைப்பது 256 இடம். ஆங்கிலமும் வேண்டுமென்றால் மிஞ்சுவது 128. அதற்குள் உயிர் 12, மெய் 18, புள்ளி வைத்த மெய்கள், ஒவ்வொரு மெய்யோடும் வெவ்வேறு விதமாக உருமாறும் உகர ஊகார வடிவங்கள் 36, கிரந்தம், கொம்பு, கால் எல்லாம் அடங்க வேண்டும். எதை முழு வடிவமாக வரைவது, எதைத் துண்டுகளை ஒட்டிச் செய்வது? பாமினியில் நுகரத்துக்கு ஒரு விசை. நூகாரம் வேண்டுமென்றால் அதோடு ஒரு சுழியைப் பின்னால் ஒட்ட வேண்டும். 90களில் அச்சான புத்தகங்களில் 'நூல்' என்ற சொல்லைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். சில இடங்களில் அந்த ஒட்டு சற்று விலகி நிற்பது தெரியும். அந்த இடைவெளி தட்டச்சுப் பொறியிடமிருந்து வந்த சொத்து. எழுத்துருவைச் செய்தவர் அதை ஏற்றாரா, திருத்தினாரா என்பது ஒரு அழகியல் முடிவு.

இதற்கு முந்திய அத்தியாயம் நமக்குத் தெரிந்ததே. பெரியார் 1935ல் தம் பத்திரிகையில் எழுத்துச் சீர்திருத்தத்தைக் கையாண்டார். 1978 அரசாணை அதில் ஒரு பகுதியை ஏற்றது. துதிக்கை தூக்கிய பழைய லை, னை, ணை, ளை போயின. நம் பத்திரிகைகள் இதைப் பற்றிப் பக்கம் பக்கமாகச் சண்டை போட்டன. அடுத்த இருபது வருஷத்தில் அதைவிடப் பெரிய மாற்றம் ஒருசிலரின் மேஜைமேல் நடந்தது. ஒரு வரி விமர்சனம் இல்லை. ஆதிமூலம் வரைந்த தலைப்பெழுத்துகளைப் போற்றத் தெரிந்த நமக்கு, உள்ளே இருக்கிற உடல் எழுத்தை வரைந்தவர் பெயர் தேவைப்படவில்லை.

வெளியே இது எப்படி நடக்கிறது என்பதற்கு ஓர் உதாரணம். மான்ட்ரீலில் உள்ள கனடியக் கட்டிடக்கலை மையம் 2013ல், கட்டிடக்கலைஞர் கிரெக் லின் பொறுப்பில், கம்ப்யூட்டரை முதலில் கையாண்ட நான்கு வடிவமைப்புகளைக் காட்சிக்கு வைத்தது. ஃபிராங்க் கெஹ்ரியின் லூயிஸ் இல்லம், பீட்டர் ஐசன்மனின் பயோசென்ட்ரம், சக் ஹோபர்மனின் விரியும் கோளம், ஜப்பானியர் ஷோயே யோவின் கூரைகள். முதல் இரண்டும் கட்டப்படவே இல்லை. கட்டப்படாத கட்டிடத்துக்கு அதன் வரைபடங்களும் கோப்புகளும்தான் உடம்பு. கோப்பு திறக்கவில்லையென்றால் அந்தக் கட்டிடத்தில் பெரும்பகுதி இல்லை. அமெரிக்காவில் எமரி பல்கலைக்கழகம் 2010ல் சல்மான் ருஷ்டியின் பழைய மெக்கின்டாஷின் உட்புறத்தை அப்படியே இன்னொரு இயந்திரத்தில் இயங்கவைத்து, வாசகர்கள் உட்கார்ந்து பார்க்கும்படி செய்தது. நாவலின் வாக்கியங்கள் மட்டும் போதும் என்று அவர்கள் நினைக்கவில்லை. எந்த மென்பொருளில், எந்தத் திரையில் அவை எழுதப்பட்டன என்பதும் பிரதியின் பகுதி என்று எடுத்துக்கொண்டார்கள்.

நம்மிடம் சேகரிக்கும் புத்தி இல்லாமல் இல்லை. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் கல்யாணப் பத்திரிகையையும் நாடக நோட்டீஸையும்கூட விடாமல் சேர்த்தார். 1992ல் அவர் இறந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகத்தின் உதவியோடு 1994ல் சென்னையில் நூலகமாயிற்று. காகிதத்துக்கு அப்படி ஒருவர் கிடைத்தார். 1954ன் நூல் ஒப்படைப்புச் சட்டம் கன்னிமராவுக்கு ஒரு பிரதி அனுப்பச் சொல்கிறது. சிறுபத்திரிகைக்காரர்கள் அதைச் செய்த லட்சணம் எல்லோருக்கும் தெரியும். வங்கிக்காரனான எனக்கு 1985ல் வந்த விதி ஒன்று பாடம்: காசோலைப் புத்தகப் பதிவேட்டை 5 வருஷம் வைத்திரு, லெட்ஜரை 8 வருஷம் வைத்திரு. கவிதைக்கு அப்படி எந்த விதியும் இல்லாததால் அதை எவ்வளவு சீக்கிரம் வேண்டுமானாலும் தொலைக்கலாம்.

நண்பர்களிடம் பெட்டியைப் பற்றிச் சொன்னபோது எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்: 'யூனிகோடுக்கு மாத்திப் போட்டுட்டா முடிஞ்சுது.' நானும் அப்படித்தான் நம்பினேன். யூனிகோடு 1991ல் வந்தபோதே தமிழுக்கு அதில் இடம் இருந்தது. ஆனால் எல்லோர் கைக்கும் வந்துசேர வெகுகாலம் பிடித்தது. இடையில் திஸ்கி வந்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு டாம், டாப் என்று இரண்டு குறியேற்றங்களை ஒரே சமயத்தில் தரமாக ஏற்றது. ஒழுங்கு படுத்தவென்று கூடி இரண்டு தரங்களோடு கலைவது நமக்கு இயல்பாக வருகிறது. மதுரைத் திட்டம் 1998 பொங்கலில் தொடங்கியதிலிருந்து தன் நூல்களை ஒரு குறியேற்றத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி மாற்றிக் கரையேற்றியது. அந்தச் சிரத்தை இல்லாவிட்டால் இன்று இணையத்தில் பழந்தமிழ் நூல்கள் இந்த அளவுக்கு இருக்காது. ஆகவே மாற்றுவதைக் குறை சொல்ல நான் வரவில்லை. மாற்றிவிட்டு மூலத்தை எறிந்துவிடுவதைத்தான் சொல்கிறேன்.

மாற்றிப் பார்த்தேன். ஒரு விமர்சனக் கட்டுரையில் 'நுடழைவ' என்று ஒருவர் அடிக்கடி வந்தார். நுடழைவ மரபைப் பற்றிச் சொன்னது, நுடழைவ தரிசு நிலத்தில் செய்தது. அரை மணி நேரம் கழித்துப் புரிந்தது: எலியட். ஆங்கிலத்தில் தட்டியிருந்த பெயரை, அந்த இடத்தில் எழுத்துரு மாறுகிறது என்ற குறிப்பு உரைக் கோப்பில் இல்லாததால், மாற்றி தமிழென்று எடுத்துக்கொண்டது. ஆங்கிலம் படித்த என் தலைமுறைக்கு இது சரியான தண்டனைதான்.

இது சிரித்துவிட்டுத் திருத்தக்கூடியது. அடுத்தது அப்படியில்லை. தட்டச்சுவழி எழுத்துருக்களில் ஔகாரக் குறியின் பின்பகுதியும் ளகரமும் ஒரே விசை. 'கௌரி' என்பதும் 'கெளரி' என்பதும் கோப்பில் ஒன்று. மனிதக் கண் சந்தர்ப்பத்தை வைத்துத் தீர்மானித்ததை இயந்திரம் குருட்டாம்போக்கில் தீர்மானிக்கிறது. அதைவிட முக்கியம் லை. 1978க்குப் பிறகும் பிடிவாதமாகப் பழைய வடிவத்தில் அச்சிட்டவர்கள் உண்டு. அது அவர்களுடைய நிலைப்பாடு. யூனிகோடில் பழைய லைக்கும் புதிய லைக்கும் எண் ஒன்றுதான். வேறுபாடு எழுத்துருவிடம் விடப்பட்டிருக்கிறது. மாற்றிய மறுகணம் அந்தப் பிடிவாதம் மறைந்துவிடுகிறது. சொல் தப்பிக்கிறது, சொன்னவரின் கை தப்பிக்கவில்லை.

பெட்டியில் நான்காம் இதழ் என்று எழுதியிருந்ததில் ஒரு நீள்கவிதை. உரைக் கோப்பில் அது ஒரே பத்தியாக, கீழே கீழே இறங்கும் வரிகளாக இருந்தது. அர்த்தம் ஓடவில்லை. ஆசிரியரைக் கேட்டபோது, 'அது ரெண்டு பத்தியா வந்தது, குறுக்கே படிக்கணும்' என்றார். குறுக்கே என்றால் எந்த வரிக்கு எதிரே எந்த வரி? அவருக்கு நினைவில்லை. எழுதியவர் காலமாகிவிட்டார். பதில் பேஜ்மேக்கர் கோப்பில் மட்டும் இருக்கிறது. இன்றைய கம்ப்யூட்டருக்குள் பழைய விண்டோஸ் 98ஐப் போலியாக இயங்கவைத்து, அதில் பேஜ்மேக்கரை ஏற்றித் திறந்தோம். எழுத்துரு இல்லை என்று செய்தி வந்தது. வேறொருவரின் பழைய சிடியிலிருந்து அதே வரிசையில் அமைந்த இன்னோர் எழுத்துருவைப் போட்டோம். தமிழ் தெரிந்தது, ஆனால் அதன் எழுத்துகள் சற்று அகலமாக இருந்ததால் வரிகள் மடங்கிப் பத்திகள் ஒன்றுக்கொன்று நழுவிவிட்டன. எதிரெதிர் நின்ற வரிகள் எவை என்பது ஒரு மில்லிமீட்டர் அகலத்தில் தொலைந்தது. கவிதையின் வடிவத்தை விவாதிக்கிற விமர்சகன் எழுத்துருவின் அகல அட்டவணையைத் தேடி அலைய நேரும் என்று யார் நினைத்தது.

நேர்மாறாக ஒன்று. டொனால்ட் நூத் தம் புத்தகத்தின் புதிய அச்சுப் படிவங்கள் அசிங்கமாக இருந்ததைப் பார்த்து, 1970களின் கடைசியில் மெட்டாஃபான்ட் என்ற முறையைச் செய்தார். அதில் எழுத்து என்பது படம் இல்லை. பேனா எங்கே தொடங்கி எங்கே வளைய வேண்டும் என்று சொல்லும் வாக்கியங்கள். அந்த முறையில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் தாமஸ் ரிட்ஜ்வே தமிழ் எழுத்துகளைச் செய்தார். அழகு என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த மூல வரிகள் பொதுக் களஞ்சியத்தில் கிடக்கின்றன. எடுத்துப் படிக்கலாம், அகரத்தின் சுழியை அவர் எப்படி யோசித்தார் என்பது தெரிகிறது. மறுபுறம், 1980களிலிருந்து அச்சுத் தொழிலை ஆண்ட டைப் 1 வகை எழுத்துருக்களை 2023 ஜனவரியோடு அடோபி தன் மென்பொருள்களில் கைவிட்டது. நம் டி.டி.பி. கடைகளில் அந்த வகையில் இருந்தவை எல்லாம் ஒரே நாளில் செல்லாக்காசாயின.

என் தவறு ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். பிளாப்பியின் மூலையில் உள்ள சிறு தாழ்ப்பாளை நகர்த்தித் துளையைத் திறந்து வைத்தால் அதில் எதுவும் எழுத முடியாது. முதல் நாள் அவசரத்தில் அதைச் செய்யவில்லை. ஒரு கோப்பைத் திறந்து, பழக்கதோஷத்தில் சேமித்தும் விட்டேன். 1996 என்று இருந்த தேதி போய்ப் போன வருஷத் தேதி உட்கார்ந்துகொண்டது. இப்போது வரிசை மாறிவிட்டது. முதலில் தாழ்ப்பாள். பிறகு கோப்பு கோப்பாக இல்லாமல் தட்டு முழுவதையும் அப்படியே ஒரு நகல். அந்த நகலைத் தொடாமல், அதன் நகலில்தான் வேலை. யூனிகோடுப் பிரதி அதற்கும் பிறகு, வேறு உறையில். திறக்காத 6 தட்டுகளையும் வீசவில்லை. தட்டின் காந்தக் குறிகளையே நேராகப் படிக்கும் கருவிகள் ஆவணக்காப்பகங்களில் புழக்கத்தில் இருக்கின்றன.

நான்காம் இதழ் எந்தக் கடையில் பக்க அமைப்பு செய்யப்பட்டதோ அந்தக் கடை இப்போது செல்போன் ரீசார்ஜ் கடை. அன்று தட்டச்சு செய்த பெண்மணி நத்தத்துக்குக் கல்யாணமாகிப் போனதாகச் சொன்னார்கள். அவருக்கு எழுத்துருவின் பெயர் நினைவிருக்கலாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை போவதாக இருக்கிறேன்.