அடைக்கலமும் அரசு மானியமும்

படூரிலிருந்து தெற்கே கேளம்பாக்கம் சென்று, அங்கிருந்து கிழக்கே உப்பங்கழியைக் கடந்தால் கோவளம். அங்குள்ள கார்மேல் அன்னை ஆலயத்தில், 1821ஆம் ஆண்டு மறைந்த போர்த்துக்கீசிய வணிகர் ஜான் டி மான்டியின் கல்லறை இருக்கிறது. தம் சொத்துகளைத் திருச்சபையின் அறப்பணிகளுக்கென விட்டுச் சென்றவர் அவர். அந்நாளில் ஆதரவற்றோரின் அடைக்கலம் ஒரு செல்வரின் மனத்தையும் அவர் எழுதும் உயிலையும் சார்ந்திருந்தது. அடிபட்டு வீட்டை விட்டு வெளியேறும் பெண்ணுக்குப் பொதுப்பணத்திலிருந்து சோறும் பாயும் தர வேண்டும் என்ற எண்ணமே அப்போது பிறக்கவில்லை.

1854இல் நல்லாயன் சபை அருள்சகோதரிகள் பெங்களூரில் கால்பதித்தனர். துன்புற்ற பெண்களுக்கு இல்லம் நடத்துவது அச்சபையின் தனிப்பணி. நாம் பெருமைப்படத்தக்க பணியே அது. ஆயினும் மறுபக்கத்தையும் மறைக்கலாகாது. அயர்லாந்தில் பல துறவற சபைகள் நடத்திய மகதலேனா சலவையகங்களில் பெண்கள் அடைக்கப்பட்டு, கூலியின்றி உழைக்க வைக்கப்பட்டனர். அதில் அரசுக்கும் பங்கிருந்ததென ஏற்று, 2013இல் அந்நாட்டுப் பிரதமர் மன்னிப்புக் கேட்டார். இரக்கத்தின் பெயரால் நடக்கும் இல்லத்திற்கும் கணக்குக் கேட்போர் வேண்டும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

நம் மாநிலத்தில் இவ்வரலாற்றின் திருப்பம் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியிடம் தொடங்குகிறது. தேவதாசி முறைக்குத் தப்பி வந்த சிறுமியருக்கு விடுதிகளில் இடம் கிடைக்காத 1930ஆம் ஆண்டளவில், அவர்களைத் தம் வீட்டிலேயே தங்கவைத்தார் அவர். அதிலிருந்து வளர்ந்ததே அவ்வை இல்லம். அதற்குச் சற்று முன், 1929 பிப்ரவரியில் நம் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெண்களுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டுமெனத் தீர்மானித்திருந்தது. அவ்வியக்கத்தின் இறைமறுப்போடு நமக்கு உடன்பாடு இருக்க இயலாது. எனினும், பெண்ணுக்குச் சேர வேண்டியதைப் பிச்சை என்னாமல் உரிமை என்று நம் மாவட்டத்து மண்ணில் உரக்கச் சொன்னவர்கள் அவர்களே.

விடுதலைக்குப்பின் 1953இல் மத்திய சமூகநல வாரியம் அமைந்தது. துர்காபாய் தேஷ்முக் அதன் முதல் தலைவர். தொண்டு நிறுவனங்கள் மக்களை அறியும், அரசிடம் பணம் உண்டு, இரண்டையும் இணைப்போம் என்பதே அதன் அடிப்படை. சென்னை மாநில வாரியத்தின் முதல் தலைவராக முத்துலட்சுமி ரெட்டியே அமர்ந்தார். கையில் பணமின்றி இல்லம் தொடங்கிய ஒருவர், மானியம் வழங்கும் இடத்தில் அமர்ந்தது அக்காலத்தின் நற்பேறு எனலாம். கேட்பவரின் நிலை கொடுப்பவருக்குத் தெரிந்திருந்தது.

1969இல் குறுகிய காலத் தங்கும் இல்லங்கள், 1980களில் குடும்ப ஆலோசனை மையங்கள் எனத் திட்டங்கள் பெருகின. வரதட்சணைச் சாவுகள் நாட்டை உலுக்கிய காலம் அது. மையத்தை நடத்துவது தொண்டு நிறுவனம். ஆலோசகரின் மதிப்பூதியம் வாரியத்தினுடையது. ஆனால் மானியம் என்பது ஆண்டுக்கொருமுறை கேட்டுப் பெறுவது, தவணையாக வருவது. சென்ற தவணையின் பயன்பாட்டுச் சான்றிதழ் போகாமல் அடுத்தது வராது. கணக்குக் கேட்பதை நாம் குறைகூறவில்லை. துன்புற்ற ஒரு பெண் வாய்திறந்து பேசவே சில மாதங்கள் ஆகும். வழக்கு முடியவோ ஆண்டுகள் ஆகும். நிதியாண்டோ மார்ச்சு 31இல் முடிந்துவிடும். இவ்விரு காலக்கணக்குகளும் ஒன்றோடொன்று பொருந்தியதே இல்லை.

2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இன்னும் ஒருபடி மேலே சென்றது. அதன் 10ஆம் பிரிவின்படி, பதிவுபெற்ற தொண்டு அமைப்புகள் 'சேவை வழங்குநர்' ஆகின்றன. அவை குடும்ப நிகழ்வு அறிக்கையைப் பதிந்து நடுவருக்கு அனுப்பலாம், பெண்ணை மருத்துவப் பரிசோதனைக்கு உட்படுத்தலாம், தங்குமிடம் சேர்க்கலாம். இவ்வளவையும் சொன்ன சட்டம், அதற்கான பணம் எங்கிருந்து வரும் என்பதைச் சொல்லவில்லை. வேலையைப் பகிர்ந்தளித்த சட்டமியற்றியோர் செலவைப் பற்றி மௌனம் காத்தது தற்செயலானதென்று நாம் எண்ணவில்லை.

தில்லிக் கொடுமைக்குப்பின் 2013இல் 1,000 கோடி ரூபாயுடன் நிர்பயா நிதி உருவானது. தொடக்க ஆண்டுகளில் அதன் பெரும்பகுதி செலவிடப்படாமலேயே கிடந்தது. 2015 முதல் அந்நிதியிலிருந்து ஒருங்கிணைந்த சேவை மையங்கள் தோன்றின. மருத்துவம், காவல், சட்ட உதவி, ஆலோசனை, தற்காலிகத் தங்குமிடம் ஆகியவை அங்கே ஒரே கூரையின்கீழ் கிடைக்கும். மாவட்ட ஆட்சியரின் தலைமையிலான குழு இவற்றை மேற்பார்வையிடுகிறது. தமிழகத்தில் 2018இல் 181 என்ற உதவி எண்ணும் வந்தது. இவை பெரும் முன்னேற்றங்களே. ஆனால் 2022இல் மத்திய சமூகநல வாரியத்தை மூட ஒன்றிய அரசு முடிவெடுத்தபோது, அறுபத்தொன்பது ஆண்டுகள் தொண்டு நிறுவனங்கள் தட்டிய கதவு அடைபட்டது. அதைப் பற்றி நம் பங்குகளில் எவரும் பேசிக் கேட்டதில்லை.

இன்று படூரிலிருந்து ஒரு பெண் 181ஐ அழைத்தால், சேவை மையத்தில் அவருக்கு ஐந்து நாள்கள் வரை படுக்கை உண்டு. ஆறாம் நாள் அவரை ஏற்கும் இல்லம் 'சக்தி சதன்' என்ற புதிய பெயரில் இருக்கலாம். அதன் செலவில் ஒன்றிய அரசுக்கு 60 பங்கு, மாநில அரசுக்கு 40 பங்கு. அந்த இல்லத்தை நடத்துவது ஒரு தொண்டு நிறுவனமாயின், தவணை வந்துசேரும் வரை மளிகைக் கடைக்காரரிடம் கடன் சொல்வது அதன் பொறுப்பாளரே.