வம்சாவளியும் நிலப்பங்கும்: டுபாய்ஸ் குடும்பம் பற்றிய ஓர் ஆராய்ச்சி

நியூயார்க் மாகாணத்து வால்கில் ஆற்றங்கரையில் நியூ பால்ட்ஸ் என்னும் ஊரை நிறுவிய ஹியூகெனாட் (பிரெஞ்சுப் புராட்டஸ்டண்டு) உழவர் குடும்பங்களுள் தலையாயதாகக் கருதப்படும் டுபாய்ஸ் குடும்பத்தைப் பற்றி வழிவழியாக வழங்கிவரும் வரலாறு, பதினான்காம் லூயி மன்னனின் கொடுமைக்கு அஞ்சிப் பிரான்சைத் துறந்து வந்த பிரபுகுலத்தாராக அவர்களைச் சித்திரிக்க விரும்புகின்றது. ஆதாரங்களோ அவ்விருப்பத்துக்கு இடந்தருவனவாக இல்லை. ஹியூகெனாட்டுகளுக்குச் சமய உரிமை தந்திருந்த நாந்து சாசனத்தை அம்மன்னன் ரத்துச் செய்தது 1685இல். நியூ பால்ட்ஸ் நிறுவனருள் ஒருவரான லூயி டுபாய்ஸோ 1655இலேயே ஜெர்மனியின் மான்ஹைம் நகரில் காதரின் பிளான்ஷானை மணந்து, 1660 அளவில் அமெரிக்காவுக்குக் கப்பலேறிவிட்டவர். லீல் நகருக்கு அருகில் அவர் பிறந்த விக்ர் கிராமமும் அந்நாளில் பிரான்சு மன்னனுக்கன்றி ஸ்பெயின் மன்னனுக்கே உட்பட்டிருந்தது.

1663 ஜூனில் அமெரிக்கப் பழங்குடியினரான எஸோபஸ் இந்தியர், அக்குடும்பம் அப்போது வாழ்ந்திருந்த குடியேற்றத்தைத் தாக்கிக் காதரின் உள்ளிட்ட பெண்களையும் பிள்ளைகளையும் சிறைகொண்டு சென்றமையும், மூன்று மாதங்களுக்குப் பின் அவர்கள் மீட்கப்பட்டமையும் உண்மையே. ஆனால் தீயிலிடப்படும் தறுவாயில் அவ்வம்மையார் 137ஆம் சங்கீதத்தைப் பாடி உயிர் தப்பினார் என்னும் ஐதிகம், மீட்புப் படையை நடத்திய தளபதி கிரெகியரின் நாட்குறிப்பில் காணப்படவில்லை. அத்தகைய காட்சியை அறிந்த படைத்தலைவர் ஒருவர் அதனைக் குறிக்காது விட்டிருப்பார் என்று நம்புவதற்குச் சாதாரண பக்தி போதாது.

இக்குடும்பத்தார் தம் வம்சாவளியை இத்துணைக் கவனத்துடன் பேணியமைக்குச் சமயப் பற்றை மட்டும் காரணமாகக் கொள்ளுதல் என் கருத்தில் பொருந்தாது. 1677 மே மாதத்தில் எஸோபஸ் இந்தியருக்குக் கொப்பரைகள், கோடரிகள், போர்வைகள், சட்டைகள், மதுப் பீப்பாய்கள், குதிரைகள் முதலியவற்றைக் கொடுத்துப் பெற்று, அவ்வாண்டு செப்டம்பரில் ஆளுநர் ஆண்ட்ரோஸிடம் பட்டயமும் வாங்கிய ஏறத்தாழ 40,000 ஏக்கர் நிலம், லூயி டுபாய்ஸ் உள்ளிட்ட பன்னிரு பட்டயதாரருக்கும் பொதுவாயிருந்தது. அந்நிலத்தின் பங்கீட்டையும் எல்லை வழக்குகளையும் தீர்ப்பதற்கென 1728இல் அமைந்த பன்னிருவர் சபை, பட்டயதாரர் சந்ததியாரின் பிரதிநிதிகளால் ஆனது. ஆகவே இன்னார் இன்னாருக்குப் பேரன் என்பது, குலப்பெருமைச் செய்தியாக ஆவதற்கு முன்னரே, அங்கே நிலவுரிமைச் சான்றாக இருந்தது.

இந்நோக்கில் பார்க்குங்கால், வம்சாவளியினின்று விடுபடுவோர் யாவர் என்பதும் விளங்கும். லூயியின் சகோதரர் ஜாக்கின் வழிவந்த மருத்துவர் ஜேம்ஸ் டுபாய்ஸ், பஹாமாத் தீவுகளில் ஆப்பிரிக்க வழிவந்த பெண்ணொருத்தியுடன் வாழ்ந்து பெற்ற மைந்தர் இருவரை அமெரிக்காவுக்கு அழைத்துவந்து பள்ளியில் சேர்த்தார். அவர் இறந்தபின் வெள்ளை உறவினர் அவ்விருவருக்கும் சொத்தில் பங்கு மறுத்துவிட்டனர். அவ்விருவருள் ஒருவரான அலெக்சாண்டரின் பேரரே, சமூகவியல் அறிஞராகப் புகழ்பெற்ற டபிள்யூ. இ. பி. டுபாய்ஸ். 1940இல் வெளிவந்த ‘டஸ்க் ஆஃப் டான்’ என்னும் தம் நூலில், குலமுதல்வரான கிரெத்தியேனை விக்ர் ஊர் விவசாயி என்றே அவர் குறித்து, முன்னோர் பிரபுக்கள் என்று வெள்ளைக் கிளையினர் கொண்டாடும் நினைப்பை ஐயுறுகின்றார். பங்கு மறுக்கப்பட்ட கிளையிலிருந்து வந்த இச்சிறு குறிப்பு, பங்கு பெற்றோர் பேணிவந்த கதையைக் காட்டிலும் ஆவணங்களுக்கு நெருங்கியதாக இருக்கின்றது.