பேரரசை எதிர்த்தோர் எந்த மொழியில் பேசினார்கள்?

2013 ஜூலை 3 அன்று, அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் நவஹோ தேசத்தின் தலைநகரான விண்டோ ராக்கில், திறந்தவெளித் திரையொன்றின் முன் மக்கள் திரண்டிருந்தனர். திரையிடப்பட்டது 36 ஆண்டுகளுக்கு முன் வெளியான 'ஸ்டார் வார்ஸ்'. கதையும் காட்சிகளும் அவர்கள் அறிந்தவைதாம். ஆனால் அன்று டார்த் வேடர் நவஹோ மொழியில் ஆணையிட்டான். சிறைப்பட்ட இளவரசி லேயா அதே மொழியில் அவனை எதிர்த்துப் பேசினாள். அம்மொழியைப் பேசியதற்காகப் பள்ளியில் தண்டனை பெற்ற தலைமுறையினர் உயிரோடிருந்த காலம் அது. அந்த மாலைப் பொழுதின் பொருளை உணர, இத்திரைப்படத்தின் மொழி வரலாற்றைத் தொடக்கத்திலிருந்தே பார்க்க வேண்டும்.

1977 மே 25 அன்று வெளியான இப்படத்தின் கதை எளியது. விண்மீன் மண்டலம் முழுவதையும் ஒரு கொடுங்கோல் பேரரசு ஆள்கிறது. ஒரு கோளையே அழிக்கவல்ல போர்நிலையம் அதன் கையில் இருக்கிறது. எண்ணிக்கையிலும் கருவியிலும் சிறிய கிளர்ச்சிப் படையொன்று அதனைத் தகர்க்கிறது. இயக்குநர் ஜார்ஜ் லூகாஸ் இக்கதையை எழுதிய ஆண்டுகள் வியட்நாம் போரின் இறுதி ஆண்டுகள். வல்லரசொன்றைச் சிறிய படையொன்று எதிர்த்து நின்ற அப்போர் தம் கதையின் பின்னணியில் இருந்ததை அவரே பின்னாளில் கூறியிருக்கிறார். ஆகவே இப்படத்தைப் பேரரசு எதிர்ப்புக் கதையாக வாசிப்பது ஆய்வுலகுக்குப் புதிதன்று. அந்த மண்டலத்தில் யார் எந்த மொழியில் பேசுகிறார்கள் என்ற வினாதான் அரிதாக எழுப்பப்படுகிறது.

கதையில் சி-3பிஓ என்னும் இயந்திர மனிதன் வருகிறான். அறுபது லட்சத்துக்கும் மேற்பட்ட தொடர்பு வடிவங்களில் தேர்ந்தவன் என்பது அவன் பெருமை. ஆயினும் கதையை நகர்த்தும் உரையாடல் ஏறத்தாழ முழுவதும் ஆங்கிலத்தில்தான் நிகழ்கிறது. அதிலும் ஒரு பிரிவினை உண்டு. பேரரசின் அதிகாரிகள் பெரும்பாலும் பிரித்தானிய ஒலிப்பிலும், கிளர்ச்சியாளர்கள் பெரும்பாலும் அமெரிக்க ஒலிப்பிலும் பேசுகிறார்கள். வியட்நாமை எண்ணி எழுதப்பட்ட கதை, ஒலி வடிவம் பெற்றபோது 1776ஆம் ஆண்டின் அமெரிக்க விடுதலைப் போரை நினைவூட்டுவதாக மாறிவிட்டது. பேரரசின் குரலைத் தன் குரலாக அமெரிக்கப் பார்வையாளர் கேட்க நேரவில்லை.

ஆங்கிலம் பேசாத உயிரினங்களுக்கு மொழி தேட வேண்டிய பொறுப்பு ஒலி வடிவமைப்பாளர் பென் பர்ட்டிடம் வந்தது. வெறும் கற்பனையில் புனைந்த ஒலிகள் செயற்கையாகவே ஒலிக்கும் என்பதை அவர் கண்டறிந்தார். மொழியியல் நோக்கில் அது சரியான முடிவு. ஒலிகளின் சேர்க்கை விதிகளும், அசைகளின் அழுத்தமும், தொடரின் ஏற்ற இறக்கமும் சேர்ந்துதான் ஓர் ஒலித்தொடரை மொழியாகக் கேட்கச் செய்கின்றன; இவற்றை ஓரிரு நாளில் புனைந்துவிட இயலாது. எனவே அவர் உலகின் மெய்யான மொழிகளை நாடினார். கூலிக் கொலையாளி கிரீடோவின் பேச்சுக்குத் தென்னமெரிக்காவின் கெச்சுவா அடிப்படையாயிற்று. பாலைநிலத்தில் பழைய இயந்திரங்களைப் பொறுக்கி விற்கும் ஜாவாக்களின் பேச்சு ஜூலுவின் ஒலிகளிலிருந்து பிறந்தது. 1983இல் வெளியான மூன்றாம் படத்தில் காட்டுவாழ் ஈவாக்குகளின் பேச்சுக்குக் கல்மிக் மொழி உதவியது. எடுக்கப்பட்டது ஓசை மட்டுமே, பொருள் விடுபட்டது. இவ்வுயிரினங்களின் குரல்களை உருவாக்கியதற்காக ஆஸ்கர் குழு பர்ட்டுக்குச் சிறப்பு விருதும் வழங்கியது.

இம்மொழிகளின் வரலாற்றைச் சற்றே புரட்டினால் ஓர் ஒற்றுமை புலப்படும். கெச்சுவா இன்காக்களின் மொழி. ஸ்பானியப் பேரரசுக்கு எதிராக இரண்டாம் தூபாக் அமாரு நடத்திய கிளர்ச்சி 1781இல் ஒடுக்கப்பட்டபோது, அவருக்கு மரண தண்டனை விதித்த தீர்ப்பே மக்களின் மரபுடைகளையும் நாடகங்களையும் மொழியையும் ஒழிக்க முற்பட்டது. பெரு நாடு கெச்சுவாவை ஆட்சிமொழியாக ஏற்றது 1975இல்தான். படம் வெளியாவதற்கு வெறும் இரண்டு ஆண்டுகளுக்கு முன். ஜூலு அரசு 1879இல் பிரித்தானியப் படையிடம் வீழ்ந்தது. 1976 ஜூன் 16 அன்று, ஆப்பிரிக்கான்ஸ் பயிற்றுமொழியாகத் திணிக்கப்பட்டதை எதிர்த்து சொவெட்டோவின் மாணவர்கள் தெருவில் இறங்கித் துப்பாக்கிச் சூட்டுக்கு ஆளாயினர்; அவர்களுள் ஜூலு பேசுவோர் பலர். கல்மிக் மக்களோ 1943 டிசம்பரில் ஸ்டாலின் ஆட்சியால் ஒட்டுமொத்தமாகச் சைபீரியாவுக்கு நாடு கடத்தப்பட்டு, 1957க்குப் பின்னரே தாயகம் திரும்ப இயன்றவர்கள்.

பேரரசுகளை மெய்யாகவே எதிர்கொண்ட மக்களின் மொழிகள், பேரரசு எதிர்ப்புக் கதையொன்றில் பொருளற்ற ஒலிகளாக இடம்பெற்றன. இதில் யாருடைய தீய நோக்கமும் இல்லை. பார்வையாளருக்கு அறிமுகமில்லாத மொழி என்பதே தேர்வின் அளவுகோல். ஆனால் ஒரு மொழி ஏன் அறிமுகமில்லாததாக இருக்கிறது என்ற வினாவின் விடை வரலாற்றில்தான் இருக்கிறது.

பர்ட்டின் பணியில் ஒரு விதிவிலக்கும் உண்டு. மூன்றாம் படத்தில் போர்நிலையத்தைத் தாக்கும் விண்கலத்தின் துணை விமானியான நியன் நன்ப்புக்குக் குரல் கொடுத்தவர் அமெரிக்காவில் பயின்றுகொண்டிருந்த கென்ய மாணவர். கிக்குயு உள்ளிட்ட தம் நாட்டு மொழிகளில் அவர் பொருளுடைய தொடர்களையே பேசினார். கென்யாவில் படம் ஓடியபோது பார்வையாளர்களுக்கு அது புரிந்தது. 1952இல் தொடங்கிய மௌ மௌ கிளர்ச்சியைப் பிரித்தானிய ஆட்சி அடக்கியபோது பெருந்துன்பம் அடைந்தவர்கள் கிக்குயு மக்கள். கிளர்ச்சிப் படையின் விண்கலத்தில் அவர்கள் மொழி, பொருள் குன்றாமல், தற்செயலாக ஏறிவிட்டது.

ஓசைக்காக மொழியை எடுத்தாளும் வழக்கம் ஒடுக்கப்பட்ட மொழிகளோடு நின்றுவிடவில்லை. 1999இல் வெளியான படத்தின் உச்சகட்ட வாட்போருக்கு ஜான் வில்லியம்ஸ் அமைத்த சேர்ந்திசை சமஸ்கிருதத்தில் அமைந்தது. பழைய வெல்ஷ் கவிதையொன்றின் ஆங்கில ஆக்கத்திலிருந்து எடுத்த வரிகளைச் சமஸ்கிருதமாக்கி, உயிரொலிகளின் நிறைவுக்காக அவர் அதனைத் தேர்ந்தார்; பொருளைவிட அசைகளின் ஓசையே அங்கு முதன்மை பெற்றது. ஆயினும் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். சமஸ்கிருதம் வழிபாட்டின் கம்பீரத்துக்கு அழைக்கப்பட்டது. கெச்சுவா மதுக்கடையில் சுடப்பட்டுச் சாகும் கொலையாளிக்கு ஒதுக்கப்பட்டது. பொருள் நீங்கிய பின்னும் ஒரு மொழியின் சமூகத் தகுதி அதன் ஓசையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

நவஹோ மொழி இப்படங்களின் ஒலிப்பட்டியலில் இருந்ததன்று. அதன் வரலாறு வேறு வழியில் வந்து இக்கதையைச் சந்தித்தது. தினே என்று தம்மை அழைத்துக்கொள்ளும் நவஹோ மக்களில் 8,000க்கும் மேற்பட்டோரை 1864 முதல் அமெரிக்கப் படை பல நூறு கிலோமீட்டர் நடக்கச் செய்து போஸ்கே ரெடோண்டோவில் அடைத்து வைத்தது. 1868இல் கையெழுத்தான ஒப்பந்தம் அவர்களைத் தாயகம் திரும்பவிட்டது. அதே ஒப்பந்தம் ஆறு முதல் பதினாறு வயது வரையுள்ள பிள்ளைகள் ஆங்கிலக் கல்வி பெறவேண்டும் என்றும் விதித்தது. பின்னர் வந்த உறைவிடப் பள்ளிகளில் தாய்மொழி பேசிய குழந்தைகள் தண்டிக்கப்பட்டனர். 1942இல் நிலைமை விந்தையாகத் திரும்பியது. அமெரிக்கக் கடற்படைப் பிரிவு 29 நவஹோ இளைஞரைச் சேர்த்து, அவர்கள் மொழியிலேயே போர்க் குறிமொழியொன்றை அமைத்தது. நீர்மூழ்கிக் கப்பல் 'இரும்பு மீன்' ஆயிற்று; பீரங்கி வண்டி 'ஆமை' ஆயிற்று. பள்ளியில் குற்றமாக இருந்த மொழி போர்க்களத்தில் படைக்கலமாயிற்று. ஆயினும் வீட்டில் அதைக் கற்கும் குழந்தைகளின் எண்ணிக்கை அடுத்த தலைமுறைகளில் குறைந்துகொண்டே வந்தது.

இந்நிலையில்தான் நவஹோ தேச அருங்காட்சியகத்தின் இயக்குநர் மானுவலிட்டோ வீலர் பல ஆண்டுகள் முயன்று லூகாஸ்ஃபிலிம் நிறுவனத்தின் இசைவைப் பெற்றார். ஐவர் குழு 36 மணி நேரத்தில் உரையாடலை மொழிபெயர்த்தது. குரல் தேர்வுக்கு நூற்றுக்கும் மேற்பட்டோர் வந்தனர். மொழிபெயர்ப்பின் சிக்கல் சொற்களோடு முடியவில்லை. நவஹோ வினைச்சொல் பல முன்னொட்டுகளை அடுக்கிக்கொண்டு ஒரு முழு வாக்கியத்தின் பொருளையே ஏந்தக்கூடியது. ஒரு பொருளைக் கொடு என்று சொல்வதற்கே, அது நீண்டு விறைத்ததா, உருண்டதா, வளையக்கூடியதா, உயிருள்ளதா என்பதற்கேற்ப வினையடி மாறும். உலோகத்தாலான, ஆனால் சிந்திக்கும் இயந்திரம் அம்மொழியின் பொருள் வகைப்பாட்டையே சோதிக்கிறது. ஆர்2-டி2 என்னும் இயந்திரத்தை 'உயிருள்ள குட்டை உலோகம்' என்ற பொருளில் விளக்கலாம் என்று மொழிபெயர்ப்புப் பணியின்போது எடுத்துக்காட்டப்பட்டது. 'இரும்பு மீன்' பிறந்த அதே ஆக்க முறை 70 ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் இயங்கியது. ஆனால் இம்முறை எவரிடமிருந்தும் மறைப்பதற்காக அன்று. பேரப்பிள்ளைகளுக்குப் புரிய வைப்பதற்காக.

ஒரு திரைப்படம் மொழியைக் காப்பாற்றிவிடாது. வீட்டில் பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு மொழி கைமாறாவிடில் ஊடகங்களால் பெரும்பயன் விளையாது என்று மொழிச் சமூகவியலர் ஜோஷுவா ஃபிஷ்மன் 1991இலேயே எச்சரித்தார். மேலும், கிளர்ச்சியின் கதை 2012 முதல் டிஸ்னி என்னும் பெருநிறுவனத்தின் உடைமை. அதைத் தம் மொழியில் பேசுவதற்கும் இசைவு பெற்றாக வேண்டும். இவ்வரம்புகளுக்குள்ளும் முயற்சி தொடர்கிறது. 2024இல் கனடாவின் வின்னிபெக் நகரில் இதே படம் ஒஜிப்வே மொழியில் வெளியிடப்பட்டது.

நவஹோ ஆக்கத்தில் கிளர்ச்சியாளர்கள் மட்டும் நவஹோ பேசவில்லை. கொடுங்கோலனும், அவனுடைய தளபதிகளும், கடத்தல்காரனும், துறவியும், இயந்திரமும் அம்மொழியில்தான் பேசுகிறார்கள். நலிந்துவரும் மொழிகளுக்கு வெளியுலகம் வழக்கமாக அளிக்கும் இடங்கள் இரண்டு: வழிபாடு, துயரம். விண்டோ ராக்கின் திரையில் நவஹோ அவ்விரண்டுக்கும் வெளியே வந்து, மிரட்டவும் பேரம் பேசவும் கேலி செய்யவும் பயன்பட்டது. 1977இல் விண்மீன் மண்டலம் முழுவதற்கும் பொதுமொழியாக ஆங்கிலம் எந்த இயல்போடு அமர்ந்திருந்ததோ, அதே இயல்போடு அன்று ஒரு மாலை நவஹோ அங்கே அமர்ந்தது.