காடை உம்முனு நிக்குதா? உடனே கவனிங்க!

சங்கரன்கோவில் பக்கம் வீட்டுல காடை வளர்க்குறீங்களா? ஒண்ணை மனசுல வெச்சுக்கோங்க... காடை தன் நோயை முடிஞ்சவரை மறைக்கும். இரைக்கு ஓடிவராம, இறகை உப்பிக்கிட்டு, கண்ணை மூடி மூலையில நின்னா, நோய் ஏற்கெனவே முத்தியிருக்கலாம்.

முதல்ல அதைத் தனிப் பெட்டிக்கு மாத்துங்க. ஆடிக் காத்து நேரா அடிக்கக் கூடாது. ஒரு ஓரத்துல மட்டும் 40 வாட்ஸ் குண்டு பல்பு போடுங்க. சூடு அதிகமானா விலகி நிக்க இடம் வேணும். ஆழமில்லாத தட்டுல தண்ணி வைங்க.

அடுத்து, எச்சத்தைப் பாருங்க. வெள்ளையா, தண்ணியா போனா குடல்புண் நோயா இருக்கலாம். 'க்ளோஸ்ட்ரிடியம் கோலினம்' என்ற பாக்டீரியாவால் வரும் இது, எச்சம் மூலமா மற்ற காடைகளுக்கும் வேகமா பரவும். ரத்தக்கழிச்சல் நோயிலும் இப்படிக் கழியலாம். ரெண்டுக்கும் மருந்து வேற வேற. வளர்ந்த ஜப்பானியக் காடையே சுமார் 200 கிராம்தான். கோழி மருந்தைக் குத்துமதிப்பா கொடுத்தா டோஸ் தப்பிடும்.

அதனால, புது எச்சத்தோட உள்ளூர் கால்நடை மருத்துவரைப் பாருங்க. திருநெல்வேலி ராமையன்பட்டியில கால்நடை மருத்துவக் கல்லூரியும் இருக்கு. திடீர்னு பல காடைகள் செத்தா, வெறுங்கையால தொடாம கால்நடைத் துறைக்குச் சொல்லிடுங்க.

தினமும் காலையில இரை வைக்கும்போது ரெண்டு நிமிஷம் நின்னு பாருங்க. எது ஓடிவரலையோ, அதுதான் உங்க நோயாளி!